பெட்டியின் எடையும் கடையின் பெயரும்



தீபாவளி வியாபாரம் நெருங்கி வருகிறது. இனிப்பு, காரக் கடைக்காரர்கள் நெய்க்கும் சர்க்கரைக்கும் ஏற்பாடு செய்துகொண்டிருப்பார்கள். பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, பேன்சி ஸ்டோர் என்று எல்லோருமே பரிசுப் பெட்டிக்கும் பைக்கும் ஆர்டர் கொடுக்கும் நேரம் இது. வரியைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் எழுத எவ்வளவோ இருக்க, அட்டைப்பெட்டியைப் பற்றி எழுதுகிறாரே என்று யாரும் எண்ண வேண்டாம். பண்டிகைக் காலத்தில் நம் கடையின் மானம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. எங்கள் கடையில் இருபது வருடத்துக்கு மேலாக வாங்கி வந்த ஓர் அம்மாள், மகளின் தலை தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுக்க, கிலோ பெட்டியாகப் பத்துப் பெட்டி இனிப்பு வாங்கிப் போனார். பண்டிகை முடிந்து ஒரு வாரம் கழித்து வந்தார். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு மெல்லச் சொன்னார்:

"அண்ணாச்சி, சம்பந்தி வீட்டில் பெட்டியைப் பிரித்து நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் நூறு கிராமுக்கு மேல் குறைகிறதாம். கடையில் குறைந்துபோச்சு என்று அவர்கள் நினைக்கவில்லை. நான்தான் குறைத்து வாங்கி, கிலோ என்று சொல்லி அனுப்பியதாக என் மகளிடம் பேசியிருக்கிறார்கள்."

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. சத்தம் போடவும் இல்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த தீபாவளிக்கு அவர் எங்கள் கடைக்கு வரவில்லை.

அன்று இரவு கடை அடைத்தபின் காலிப் பெட்டி ஒன்றைத் தராசில் வைத்தேன். 120 கிராம் காட்டியது. பெட்டியோடு சேர்த்து நிறுப்பது அப்போது எங்கள் வழக்கம். ஊரில் எல்லோரும் செய்வதுதானே என்று நானும் செய்து வந்தேன். கிலோ 600 ரூபாய் இனிப்பென்றால் ஒரு பெட்டியில் 72 ரூபாய். பத்துப் பெட்டியில் ஒரு கிலோ 200 கிராம், அதாவது 720 ரூபாய். அட்டைக்கு நெய் இனிப்பின் விலையை வாங்கியிருக்கிறேன். அந்த 720 ரூபாய்க்காக இருபது வருட வாடிக்கையை இழந்தேன். அதைவிடப் பெரிய விஷயம், ஒரு தாய் தன் சம்பந்தி முன் தலைகுனிய நேர்ந்தது.

வாங்குகிறவர் ஒருவர், பிரிக்கிறவர் ஒருவர்

மற்ற வியாபாரத்துக்கும் பரிசு வியாபாரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அரிசி வாங்குகிறவர் வீட்டில் உலை வைத்துப் பார்த்துவிட்டு, சரியில்லை என்றால் மறுநாள் நம்மிடம் வந்து கேட்பார். பரிசுப் பெட்டியை வாங்குகிறவர் அதைப் பிரிப்பதே இல்லை. பிரிக்கிறவர் நம்மிடம் வருவதே இல்லை. குறை இருந்தால் கொடுத்தவர் மேல்தான் வருத்தம் விழுகிறது. கொடுத்தவருக்கு அது பெரும்பாலும் தெரிவதும் இல்லை. கேள்வி வரவில்லை என்பதற்காகக் குறை இல்லை என்று நாம் இருந்துவிடக் கூடாது. பிறர் பொருளையும் தம் பொருளைப் போல் எண்ணிப் பேணுவதே வணிகருக்கு அழகு என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தது இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் மிகப் பொருந்தும்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, நிகர எடை என்றால் பெட்டி, தாள், நூல் எல்லாம் நீங்கிய சரக்கின் எடை. மின்னணுத் தராசில் காலிப் பெட்டியை முதலில் வைத்து, டேர் பொத்தானை அழுத்திவிட்டுச் சரக்கைப் போட்டால் போதும். ஒரு நொடி வேலை. முன்கூட்டியே கட்டி அடுக்கி வைக்கும் பெட்டியாக இருந்தால், பொட்டலமிட்டவர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்குத் தொடர்பு விவரம் ஆகியவை மேலே இருக்க வேண்டும். வண்ணத்தாள் சுற்றும்போது இவை மறைந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு.

தேதி விஷயமும் அப்படித்தான். சில்லறையாக விற்கும் இனிப்புத் தட்டுகளில், எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்குமாறு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல் உத்தரவிட்டது. ஆனால் தட்டில் எழுதுவது வாங்குகிறவர் கண்ணுக்கு மட்டும்தான். பெட்டி கைமாறி, வெளியூர் போய், நாலு நாள் கழித்துப் பிரிக்கப்படுகிறது. பால் இனிப்பு அதுவரை தாங்காது. நெய் மைசூர்பாகு தாங்கும். ஆகவே பெட்டிக்குள்ளும் ஒரு சிறு சீட்டு போட வேண்டும். "தலை தீபாவளிக்கா? எந்த ஊருக்கு? எப்போது கொடுப்பீர்கள்?" என்று இரண்டு கேள்வி கேட்டு, அதற்கேற்ற சரக்கை எடுத்துக் கொடுக்கும் பையனைக் கடையில் வைத்திருந்தால், பெரிய கடைகளும் ஆன்லைன் வியாபாரமும் எவ்வளவு வந்தாலும் நமக்குக் கவலையில்லை.

பளபளப்புத் தாள்

அடுத்தது மேலே சுற்றும் பிளாஸ்டிக் பிலிம். இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பெட்டி இவற்றின் மேல் சுற்றும் பிலிமை மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்திருக்கிறது. அலங்காரத்துக்கு வைக்கும் தெர்மாகோலும் அதே பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்குத் தடை வந்தது. அதில் நம் உறுப்பினர்கள் பலர் கவனிக்காத ஒன்று நான்-ஓவன் பை. துணி மாதிரி இருக்கிறதே என்று கல்யாணத் தாம்பூலத்துக்கும் கொலுவுக்கும் இன்னும் கேட்டு வருகிறார்கள். அது துணியல்ல, பிளாஸ்டிக். பண்டிகை விருந்துக்கு மேசைமேல் உருட்டி விரிக்கும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் அதே 14-இல் அடக்கம். இவற்றை மொத்தமாக வாங்கிப் போட்டு, சோதனை வந்ததும் பறிகொடுத்து அபராதமும் கட்டுவதைவிட, முதலிலேயே வாங்காமல் இருப்பது லாபம். மேசைக்கு வெறும் காகித ரோலும், அதன் மேல் வாழை இலையும் போதும். எந்த விருந்தாளியும் குறை சொல்ல மாட்டார்.

அப்படியானால் பரிசை எதில் கட்டிக் கொடுப்பது? நம் பக்கத்திலேயே இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டுப் பக்கம் பனையோலையில் பெட்டி முடைகிறார்கள். அதில் உடன்குடிக் கருப்பட்டியோ கோவில்பட்டிக் கடலைமிட்டாயோ வைத்துக் கொடுத்தால் தனி அழகு. கடலைமிட்டாய்க்கு 2020-இலும், கருப்பட்டிக்கும் மணப்பாறை முறுக்குக்கும் 2023-இலும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. விலை குறைவான பரிசு, ஆனால் ஊர்ப்பெயர் உள்ள பரிசு. பாத்திரக் கடைக்காரர்கள் எவர்சில்வர் டப்பாவிலேயே இனிப்பை வைத்துத் தரலாம். இனிப்பு தீர்ந்தாலும் டப்பா அடுக்களையில் இருக்கும். மஞ்சப்பையில் கடைப்பெயரை அச்சடித்துக் கொடுத்தால், அது சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வரும். அட்டைப்பெட்டி மறுநாள் குப்பைக்குப் போகிறது, நம் பெயரும் அதோடு போகிறது.

இதற்கு எதிர்ப்பேச்சு என்ன வரும் என்பது எனக்குத் தெரியும். "பெட்டிக்கு நாம் காசு கொடுத்து வாங்குகிறோம், அதை யார் தருவார்கள்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். பெட்டி விலையைத் தனியாக எழுதி வாங்குங்கள், அல்லது கிலோ விலையிலேயே சேர்த்து வையுங்கள். வெளிப்படையாகக் கேட்டால் வாடிக்கையாளர் கொடுப்பார். "பக்கத்துக் கடைக்காரர் பெட்டியோடு நிறுக்கும்போது நான் மட்டும் விலையைக் கூட்டினால் என் கடையில் யார் ஏறுவார்?" என்பது அடுத்த கேள்வி. இதற்குத் தனி ஒருவரால் பதில் சொல்ல முடியாது. சங்கம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே அடுத்த செயற்குழுவில் மூன்று தீர்மானங்களை வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, நம் பஜாரில் எந்த இனிப்புக் கடையிலும் பெட்டி எடை சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்து, "பெட்டி நீங்கலாக எடை" என்ற ஒரே மாதிரிப் பலகையை எல்லாக் கடையிலும் மாட்டுவது. இரண்டு, பெட்டி, துணிப்பை, ஓலைப்பெட்டி மூன்றையும் சங்கத்தின் பெயரில் மொத்தமாக ஆர்டர் கொடுத்து அடக்க விலைக்கு உறுப்பினர்களுக்குத் தருவது. சிறு கடைக்காரருக்கு இது பெரிய உதவி. மூன்று, தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு, பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே கடைகளுக்குக் கொடுப்பது. அதிகாரிகள் வந்து சொல்வதற்கு முன் நாமே நமக்குச் சொல்லிக்கொள்வது மரியாதை.

எங்கள் கடையில் அந்தப் பலகை மாட்டி நாளாகிறது. முதல் வருடம் விலை கூடிவிட்டதென்று சிலர் முணுமுணுத்தார்கள். காலிப் பெட்டியைத் தராசில் வைத்துக் காட்டியதும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். அந்த அம்மாள் மட்டும் இன்னும் வரவில்லை. அவர் பேரில் 1 கிலோ 200 கிராம் கடனாக இருக்கிறது என்றுதான் ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைத்துக்கொள்கிறேன். நம் சங்க உறுப்பினர் எவருக்கும் அப்படி ஒரு கடன் சேர வேண்டாம்.