ரீவைண்ட் பண்ணாதேம்மா!

"அம்மா, மறுபடியும் ரீவைண்ட் பண்ணாதே, ப்ளீஸ்!"

போன வாரம் என் பெண் இப்படிச் சொன்னதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பரீட்சை நேரத்தில் படிக்காமல் இருக்கிறாளே என்று, போன வருஷத்து மார்க், அதற்கு முந்தின வருஷம் தொலைத்த டிபன் பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அதற்குத்தான் இந்தப் பேச்சு!

"ரீவைண்ட்னா என்னன்னு தெரியுமாடி உனக்கு?"

"பழசையே பேசறது!"

பதினாலு வயசு. கேஸட்டையே பார்த்ததில்லை. ஆனால் வார்த்தை மட்டும் வீட்டில் தங்கிவிட்டது பாருங்கள்.

பரணிலிருந்து பழைய டப்பாவை இறக்கி, ஒரு கேஸட்டை அவள் கையில் கொடுத்தேன். இரண்டு சக்கரம், பழுப்பு நிற நாடா. நாடா ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓடும்போது பாட்டு கேட்கும். ஓடினதைத் திரும்பவும் முதல் சக்கரத்தில் சுற்றுவதுதான் ரீவைண்ட். பிலிப்ஸ் கம்பெனி 1963-ல் இந்தக் கேஸட்டைக் கொண்டு வந்தது. 60 நிமிஷக் கேஸட்டில் சுமார் 90 மீட்டர் நாடா இருக்கும். பதினாறு புடவையை வரிசையாக விரித்த நீளம்! பாட்டரி தீர்ந்துவிடுமே என்று நாங்கள் பென்சிலை விட்டுச் சுற்றுவோம்.

ரீவைண்ட் செய்வதால் எதுவும் அழியாது. அழிப்பது ரெக்கார்டு பட்டன்தான். அதை அழுத்தினால், நாடா முதலில் அழிக்கிற ஹெட்டைத் தாண்டும். பழைய சத்தம் அங்கேயே போய்விடும். அப்புறம்தான் புதுசு பதியும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். 1991-ல் எனக்குப் பத்து வயசு. அப்பா மஸ்கட்டில் வேலையாக இருந்தார். கேஸட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். அம்மா மத்தியானம் வேலையெல்லாம் முடிந்ததும் அதைப் போட்டுக் கேட்பாள். ஒருநாள் ரேடியோவில் எனக்குப் பிடித்த பாட்டு வந்தது. அவசரத்தில் கையில் கிடைத்த கேஸட்டைப் போட்டு அழுத்திவிட்டேன்.

அம்மா மூன்று தடவை ரீவைண்ட் செய்து பார்த்தாள். மூன்று தடவையும் பாட்டுதான் வந்தது. அது முடிகிற இடத்தில், பாதிப் பேச்சில் அப்பா, "...உடம்பைப் பார்த்துக்கோ" என்றார்.

"பாட்டி அடிச்சாங்களா?" என்றாள் என் பெண்.

"அடிக்கலை. திட்டலை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டினதில்லை."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே சுருக்கென்றது. டிபன் பாக்ஸை நான் எத்தனை தடவை ரீவைண்ட் செய்திருக்கிறேன்!

அப்பா 2009-ல் காலமானார். அவர் குரல் என்று இருப்பது அந்த மிச்சம் மட்டும்தான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் பேசிய கேஸட் இருக்கலாம். நாடா தெரிகிற பக்கத்துக்கு எதிர்ப்புறம் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிடுங்கள்; பிறகு ரெக்கார்டு பட்டன் அழுந்தாது. வெகு நாள் கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கும். கேட்பதற்கு முன் ஒரு தடவை கடைசிவரை ஓட்டி, ரீவைண்ட் செய்துகொள்ளுங்கள். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் டேப் ரிக்கார்டரில் போடாமல், விஷயம் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஈரமும் வெயிலும் ஆகாது. ஸ்பீக்கரில் காந்தம் இருப்பதால் அதன் பக்கத்திலும் வைக்க வேண்டாம். முக்கியமாக, செல்போனில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

நாங்களும் எடுத்தோம். என் பெண் அதை ஊரிலிருக்கும் பாட்டிக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவே கூப்பிட்டாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

"கேட்டேன்டி," என்றாள். அப்புறம் மெதுவாக, "அந்தப் பாட்டும் நல்லாத்தான் இருக்கு."