வெயிலும் ரசமும்

நிமோனியாவில் ஒரு மாதம் முடிச்சூர் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தபோது டாக்டர் சௌரிமுத்துவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1928இல் பக்கத்துத் தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கியவர். அதற்கு முன்பே இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் கணிதமேதை ராமானுஜனுக்கு வைத்தியம் பார்த்தவர். காசத்துக்கு மருந்தே இல்லாத காலம் அது; காற்றையும் வெயிலையும்தான் சிகிச்சை என்று நம்பினார்கள். மருந்து வந்த பிறகு, 1959இல் வெளியான சென்னை ஆய்வு ஒன்று அந்த நம்பிக்கையைக் கலைத்தது. மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டால் போதும், நெரிசலான ஏழை வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டுடன் படுத்திருந்தவர்கள் அளவுக்கே தேறினார்கள். என்னை எழுப்பி உட்கார வைத்ததும் ஆன்டிபயாடிக்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் நடுவில் எட்டு மணி நேரம் இருக்கிறதே, அதை என்ன செய்வது? எனக்குக் கிடைத்தவை, ஜன்னல் கம்பி வழியே கட்டிலில் வந்து விழும் காலை வெயில், எதிர்வீட்டு அம்மா கொடுத்தனுப்பிய தூதுவளை ரசம், வாய்க்கசப்பு விலகி நாக்கில் உப்பு தெரிந்த ஒரு மதியம். சௌரிமுத்து முழுக்கத் தோற்றுவிடவில்லை என்றே எனக்குப் படுகிறது. ‘பாசிட்டிவா இருங்க சார்’ என்று போனில் உபதேசித்தவர்களில் ஒருவர்கூட ஒரு டம்ளர் ரசம் கொண்டுவரவில்லை.