பிள்ளை வரமும் மருத்துவக் கடமையும்

திருமலையில் முதல் முடி இறக்கிய குழந்தையைத் துலாபாரத் தட்டில் அமர்த்தி, எதிர்த்தட்டில் வெல்லமும் கற்கண்டும் நாணயமும் குவிக்கும் பெற்றோரை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பத்தாண்டு காத்திருந்து பெற்ற பிள்ளை என்று அருகில் நிற்போரிடம் தாமாகவே சொல்லி மகிழ்வோர் அவர்களுள் உண்டு. அவர்களைப் பார்த்தபடியே, ஒரு சொல்லும் பேசாமல், வெறுங்கையோடு கடந்துபோகும் இணையரும் அங்கே உண்டு. இன்று நாம் எழுதுவது அவர்களைப் பற்றி.

வேங்கடம் தமிழ் நிலத்தின் வடவெல்லை என்று பழைய இலக்கணம் வகுத்த காலந்தொட்டு, அம்மலையை நோக்கி நடக்கும் கால்கள் ஓய்ந்ததில்லை. வேலூரிலிருந்தும் காஞ்சியிலிருந்தும் சித்தூரின் தமிழ்ச் சிற்றூர்களிலிருந்தும் வருவோரில் பிள்ளை வரம் வேண்டி வருவோர் பலர். அவர்களிற் பலர் திருக்காளத்தியில் இராகு கேது பூசைக்கும் அமர்ந்து எழுகின்றனர். உலகில் ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் கருவுறாமையை எதிர்கொள்கிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு அறிவித்தது. நம் ஊர்களில் அத்துன்பத்தின் பெரும்பங்கைச் சுமப்பவள் பெண்ணே. வளைகாப்புக்கு அழைக்கப்படாதவள் அவள். மஞ்சள் குங்குமம் கொடுக்கும் வரிசையில் கடைசியாக நிறுத்தப்படுபவளும் அவளே.

இறைவனை வேண்டியவர்கள் மருந்தையும் நாடுவது இயல்பு. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1983ஆம் ஆண்டு திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவர ஆயுர்வேதக் கல்லூரியை நிறுவியது. அதனோடு மருத்துவமனையும் உண்டு. சந்திரகிரியை அடுத்த நரசிங்காபுரத்தில் மருந்துக்கூடமும் உண்டு. நாடெங்கும் ஆயுர்வேத நிலையங்கள் பல இருக்கின்றன. ஆனால் ஏழுமலையான் பெயர் தாங்கிய நிலையத்தின் வாயிலில் நிற்கும் எளியவர், மருத்துவர் சொல்லும் சொல்லையும் மலைமேல் பெற்ற பிரசாதத்தைப் போலவே இரு கையேந்தி வாங்கிக்கொள்கிறார். எதிர்க்கேள்வி கேட்கமாட்டார். அந்த நம்பிக்கைக்கு ஈடான பொறுப்பு அந்த நிலையத்துக்கு உண்டு என்பதே நம் கருத்து.

ஆயுர்வேதம் மகப்பேற்றைப் பற்றி உண்மையில் என்ன சொல்கிறது? கடைத்தெரு விளம்பரங்களைப் படித்தவர்கள் மூலநூல்களைப் படித்தால் வியப்படைவார்கள். கரு உருவாக நான்கு வேண்டும் என்கிறார் சுசுருதர்: பருவம், நிலம், நீர், விதை. பருவம் என்பது கருத்தரிக்கும் காலம். நிலம் என்பது கருப்பை. நீர் என்பது உடலை ஊட்டும் சாரம். விதை என்பது ஆண் பெண் இருவர் தரும் வித்து. ஏர் பிடித்தவருக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. விளைச்சல் பொய்த்தால் நிலத்தை மட்டும் பழிக்கும் உழவர் எவரும் இலர். விதைநெல்லையும் கையில் அள்ளிப் பார்ப்பார். சரக சங்கிதை பெண்ணின் பிறப்புறுப்பு நோய்கள் இருபதை விரிக்கிறது. அதே அத்தியாயத்திலேயே ஆணின் சுக்கிலத்துக்கு நேரும் எட்டுக் குற்றங்களையும் விரிக்கிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வைத்தியர் அறிந்திருந்த இவ்வுண்மை, இன்றும் பல வீடுகளின் நடுக்கூடத்தை எட்டவில்லை. கருவுறாமையில் ஏறத்தாழ பாதி நேர்வுகளில் ஆணின் பங்கும் இருப்பதாக இக்கால மருத்துவம் சொல்கிறது. எனினும் விந்தணுச் சோதனைக்குக் கணவனை அழைத்துவருவதற்குள் மனைவி எத்தனை சோதனைகளுக்கு உட்பட்டுவிடுகிறாள்! எத்தனை கசாயங்களைக் குடித்துவிடுகிறாள்! இரண்டு முதல் ஏழு நாள் விலகியிருந்து, ஒரு சிறு குப்பியில் தந்துவிட்டுப் போகக்கூடிய எளிய சோதனையை ஆண்மைக்கு இழுக்கென்று தள்ளிப்போடுவது கொடுமை. அதை நாம் வேறு பெயரிட்டு அழைக்கப்போவதில்லை.

இன்னொன்றும் சுசுருதர் நூலில் உண்டு. இருபத்தைந்து அகவை நிரம்பாத ஆணால் பதினாறு அகவை நிரம்பாத பெண் கருவுற்றால், அக்கரு வயிற்றிலேயே அழியும். பிறந்தாலும் நெடுநாள் வாழாது, அல்லது நலிந்தே வாழும் என்று சுசுருத சங்கிதையின் சாரீரத்தானம் என்னும் பகுதி எச்சரிக்கிறது. ஆந்திர மாநிலத்தில் 20 முதல் 24 அகவையுள்ள பெண்களில் நூற்றுக்கு 29 பேர் பதினெட்டு நிரம்பும் முன்னரே மணமுடிக்கப்பட்டவர்கள் என்பது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தந்த செய்தி. மரபு மருத்துவத்தின் பெருமை பேசுவோர் அம்மருத்துவம் சொன்ன முதல் அறிவுரையையாவது ஏற்கவேண்டாவா? அதே கணக்கெடுப்பு அம்மாநிலப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர்கள் என்கிறது. சுசுருதர் சொன்ன நீர் வற்றிக் கிடக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி கிண்டித் தந்த நம் பாட்டிமார், பிற்காலப் பிள்ளைப்பேற்றுக்கு அன்றே உரமிட்டார்கள். சடங்கு நின்றுபோனாலும் போகட்டும். அந்த ஊட்டம் நின்றுபோனது பேரிழப்பு.

இங்கே ஒரு துயரத்தைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. கருப்பையை அகற்றிக்கொண்ட பெண்களின் விழுக்காடு நாட்டிலேயே மிகுந்த மாநிலங்களுள் ஆந்திரம் ஒன்று. இந்திய அளவில் 15 முதல் 49 அகவைப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று மேல். ஆந்திரத்திலோ ஒன்பதை நெருங்குகிறது. வெள்ளைப்படுதலுக்கும் மிகு உதிரப்போக்குக்கும் பொறுமையாகச் செய்யவேண்டிய மருத்துவத்தைச் செய்யாமல், வயிற்றைக் கீறி வேரோடு எடுத்துவிடும் வழக்கம் கூலிப்பெண்களிடையே வேரூன்றிவிட்டது. குழந்தை வேண்டும் இணையருக்கு நெய்யும் இலேகியமும் தருவதோடு ஆயுர்வேதத்தின் பணி முடிந்துவிடுவதில்லை. இந்நோய்களை அது நூற்றாண்டுகளாகப் பெயரிட்டு, வகைபிரித்து, உணவு முறையோடும் ஓய்வோடும் சேர்த்துக் கவனித்து வந்திருக்கிறது. அறுவைக்கு முன் நிற்கும் காவலாக அது அமையலாம். இந்த ஒரு துறையில் முறையாக உழைத்தாலே திருப்பதிக் கல்லூரி இராயலசீமைப் பெண்களின் நன்றியைத் தலைமுறைக்கும் பெறும்.

இனி மருந்துகளைப் பற்றிச் சில சொல்லவேண்டும். மகப்பேற்றுக்கெனப் பலகிருதம் என்னும் நெய்மருந்து பழைய நூல்களில் போற்றப்படுகிறது. தண்ணீர்விட்டான் கிழங்கைப் பெண்ணுக்கும் அமுக்கராக் கிழங்கை ஆணுக்கும் வைத்தியர் தருவர். விந்தணுக் குறைந்த ஆண்கள் 46 பேரிடம் அமுக்கராவை 90 நாள் ஆராய்ந்த ஓர் இந்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது; மருந்துண்டவர்களுக்கு எண்ணிக்கை கூடியது என்றது. நல்ல செய்தியே. ஆயினும் 46 பேர் என்பது சிறு எண். விந்தணு கூடுதல் வேறு, தொட்டில் ஆடுதல் வேறு. அமுக்கரா சிலருக்குக் கல்லீரலைத் தாக்கியதாகவும் பதிவுகள் உள்ளன. மூலிகை என்றாலே தீங்கற்றது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழப் பதிந்துவிட்டது. அதைக் களையவேண்டியவர்கள் வைத்தியர்களே. கருப்பைக்குள் மருந்தெண்ணெய் செலுத்தும் உத்தரவத்தி முறை இன்னும் நுட்பமானது. கருக்குழாய் ஏன் அடைபட்டது என்று அறியாமலும், நம் நாட்டில் அதற்கொரு முக்கியக் காரணமான காசநோய் இல்லையென்று உறுதிசெய்யாமலும், அறுவைக்கூடத்துக்குரிய தூய்மை பேணாமலும் அதைச் செய்வது பெண்ணின் உயிரோடு விளையாடுவதாகும்.

சரக்கின் தரமும் கேள்விக்குரியது. மிகு உதிரப்போக்குக்கு உரியது அசோகப்பட்டை. உண்மையான அசோக மரம் காடுகளில் அருகிவிட்டது. ஆகவே சாலையோரம் நெட்டையாக வளரும் நெட்டிலிங்கத்தின் பட்டை அதன் பெயரில் சந்தைக்கு வருகிறது. இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள்கூட இல்லை. 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட சேசாசலக் காடு திருப்பதியின் முதுகுப்புறமே இருக்கிறது. மூலிகைத் தோட்டமிட்டு, வேரையும் பட்டையையும் அடையாளம் தேர்ந்து, பிறருக்கும் வழிகாட்ட இதைவிட வாய்த்த இடம் ஏது?

பட்டை மாறினால் மருந்து பலிக்காமல் போகும்; உலோகம் தவறினால் வயிற்றுப் பிள்ளைக்கே தீங்கு. நியூயார்க் நகரில் 2011, 2012 ஆண்டுகளில் கருவுற்றிருந்த ஆறு பெண்களின் குருதியில் ஈயம் மிகுந்திருந்தது கண்டறியப்பட்டது. இந்தியாவிலிருந்து பெற்ற ஆயுர்வேத மாத்திரைகளை அவர்கள் உட்கொண்டிருந்தார்கள். கருவைக் காக்கும் என்று பெயரிலேயே சொல்லும் கர்ப்பபால ரசமும் அவற்றுள் ஒன்று. ஈயம் தாயின் குருதி வழியே சிசுவின் மூளையைத் தாக்கும். குழந்தைக்காக ஏங்கும் பெண்ணுக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் ஈயம், பாதரசம் கலந்த ரச மருந்து எதுவும் வேண்டா என்று தேவஸ்தானத்தின் மருத்துவமனை வெளிப்படையாக அறிவிக்குமானால், தென்னாடு முழுவதும் அச்சொல்லுக்கு மதிப்பிருக்கும். ஆண்மகவு பிறக்கச் செய்வதாகச் சொல்லும் பும்சவன முறையைப் பற்றியும் அவ்வாறே. அது மூலநூலில் இருக்கிறது என்பது உண்மை. கருவின் பால் கருத்தரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது என்பதும் உண்மை. பின்னதை அறிந்த பிறகு முன்னதைக் கைவிடுவதே கற்றோர்க்கு அழகு.

யாவற்றினும் பெரிய இழப்பு காலம். பெண்ணின் கருமுட்டை வளம் முப்பத்தைந்துக்குப் பின் விரைந்து குறைகிறது. ஓராண்டு முயன்றும் கருவுறாதவர்களும், முப்பத்தைந்து கடந்து ஆறு மாதம் முயன்றவர்களும் இருவருமாகச் சோதனைக்குச் செல்லவேண்டும் என்பது மருத்துவ உலகின் முடிவு. குழாய் இரண்டும் அடைபட்ட பெண்ணுக்கு மூன்றாண்டு கசாயம் தருபவர் அவளிடமிருந்து பறிப்பது பணத்தை மட்டுமன்று. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம், பெண்ணின் மலட்டுத்தன்மையைப் போக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. ஆயினும் அலைபேசித் திரையில் ஆறே மாதத்தில் குழந்தை என்னும் வாக்குறுதிகள் நாள்தோறும் வந்து விழுகின்றன. விளம்பரம் செய்தவர்மீது அரசு வழக்குத் தொடுக்கட்டும். பாதிக்கப்பட்ட பெண்கள் வெட்கத்தால் முறையிடமாட்டார்கள் என்பதே அவ்வணிகத்தின் முதலீடு.

சித்தூர் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த நாளில், 1921இல், நாட்டு வைத்தியத்தை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதன் செயலர் கேப்டன் சீனிவாசமூர்த்தி மேலை மருத்துவம் பயின்றவர். நாட்டு வைத்தியத்துக்காக வாதாடியவர். அதன் பயனாகச் சென்னையில் 1925இல் இந்திய மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டபோது அதன் முதல்வராகவும் அவரே இருந்தார். இரு மருத்துவமும் ஒருவர் நெஞ்சிலேயே இணங்கி வாழ்ந்த அந்த மரபு இம்மண்ணுக்குப் புதிதன்று. திருப்பதியிலேயே அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. ஆயுர்வேத மருத்துவமனைக்கு வரும் இணையரை முதலில் அங்கே அனுப்பி, இருவரையும் சோதித்து, காரணம் தெரிந்தபின் எவருக்கு எந்த வழி என்று இரு தரப்பு மருத்துவரும் கூடி முடிவுசெய்ய ஏற்பாடு வேண்டும்.

தேவஸ்தானத்திடம் நாம் கேட்பது ஓர் ஏடு. மகப்பேறு வேண்டி வந்தவர் எத்தனை பேர், கணவனும் சோதிக்கப்பட்ட இணையர் எத்தனை, கண்டறிந்த காரணம் என்ன, தந்த மருந்து எது, எத்தனை பேர் வேறு மருத்துவத்துக்கு அனுப்பப்பட்டனர், எத்தனை குழந்தைகள் உயிரோடு பிறந்தன என்பதைப் பெயர்களை மறைத்து ஆண்டுதோறும் எழுதவேண்டும். அந்தக் கணக்கைத் தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும் அச்சிட்டு, மருத்துவமனை வாயிலில், சீட்டு வாங்க வரிசையில் நிற்பவர் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டவேண்டும்.