முதற் படத்தில் என்ன இருக்கவேண்டும்?

கீரிமலையைக் காணாத ஒருவருக்கு அதனை ஒரேயொரு படத்தினாற் காட்டவேண்டுமானால் எப்படத்தைத் தெரிந்தெடுப்போம்? நகுலேஸ்வரத்தின் கோபுரம் அழகியதுதான். ஆயினும் கோபுரங்கள் பல ஊர்களிலும் உள. கேணியின் நீரை மட்டும் காட்டினால் அது எவ்வூர்க் குளமாகவும் இருக்கலாம். கேணிக்கும் கடலுக்கும் இடையே நிற்கும் சுவரே படத்தின் நடுவில் வருதல் வேண்டும். சுவருக்கு இப்பால் நன்னீர்; அப்பால் உப்புநீர். இரண்டையும் ஒருங்கே கண்டவர், ஒரு சொல்லையும் வாசியாமலே, அவ்விடத்தின் புதுமை இன்னதென்று உணர்ந்துகொள்வர்.

இதனை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் மாணவர் பலர் இப்பொழுது கைப்பேசிச் செயலிகளை ஆக்குகின்றனர். பல மாதம் கண்விழித்து ஆக்கிய செயலியைக் கூகிள் பிளே அங்காடியிலோ அப்பிள் நிறுவனத்தின் அப் ஸ்டோரிலோ வைக்கும் நாளில், அதனுடன் சேர்க்கவேண்டிய திரைப்பதிவுகளை, அதாவது அவர்கள் ஸ்கிரீன்ஷொட் என்று வழங்கும் படங்களை, அரைமணி நேரத்தில் ஒப்பேற்றி விடுகின்றனர். முதற் படத்திலே செயலியின் பெயரும் சின்னமும் இருக்கும். இரண்டாவதிலே கடவுச்சொல் கேட்கும் பக்கம் இருக்கும். செயலி செய்யும் வேலை ஐந்தாவது படத்திலேதான் தலைகாட்டும். கோபுரத்தைக் காட்டிக் கேணியை மறைப்பது என்பது இதுவே.

ஐந்தாவது படம் வரை பொறுத்திருப்பவர் யார்? அப்பிளின் அங்காடி 2008 ஜூலையில் ஏறக்குறைய 500 செயலிகளுடன் திறக்கப்பட்டது. கூகிளின் அங்காடி அவ்வாண்டு ஒக்டோபரிலே வேறு பெயருடன் தொடங்கி, 2012 மார்ச்சில் இப்பெயர் பெற்றது. இன்று செயலிகள் இலட்சக்கணக்கில் அடுக்கப்பட்டுள்ளன. அப்பிள் பத்துப் படம் வரையும், கூகிள் கைப்பேசிக்கென இரண்டு முதல் எட்டு வரையும் வைக்க இடந்தருகின்றன. ஆயினும் அப்பிள் அங்காடியில் ஒன்றைத் தேடும்போது, முன்னோட்ட ஒளிப்படம் இல்லாவிடத்து, நிமிர்ந்த படங்களில் முதல் மூன்றே பெயரின் கீழ்த் தோன்றும். மற்றவற்றைக் காண்பவர் உள்ளே புகுந்தவர் மட்டுமே. ஆகவே எல்லாப் படங்களுக்கும் உழைப்பைச் சமமாகப் பங்கிடுவது பயனற்றது. முதல் மூன்றிலேயே, அவற்றுள்ளும் முதலாவதிலேயே, பெரும்பகுதி செல்லவேண்டும்.

அங்காடிக்காரரும் இதனை விதியாகவே வகுத்துள்ளனர். வெறும் பெயர்ப்பலகையையோ உள்நுழையும் பக்கத்தையோ காட்டுதல் போதாது, செயலி பயன்படும் நிலையிலே காட்டுக என்பது அப்பிளின் விதி. ‘மிகச் சிறந்தது’, ‘முதலிடம் பெற்றது’, ‘உடனே இறக்குங்கள்’ என்பன போன்ற சொற்களைப் படத்திற் பொறிக்கவேண்டாம் என்றும், எழுத்து படத்தின் ஐந்தில் ஒரு பங்கை விஞ்சலாகாது என்றும் கூகிள் அறிவுறுத்துகின்றது. பண்டிகைக்காலத் துணிக்கடைப் பலகைகளுக்கும் யாரேனும் இவ்விதியை விதிக்கமாட்டாரா என்று நாம் ஏங்குவதுண்டு.

செய்யும் வேலையைக் காட்டுவது என்றால் என்ன? செல்லினத்தை எண்ணிப் பாருங்கள். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் ஆக்கிய அச்செயலி, 2005 ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரிலே, கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுதும் கருவியாக அறிமுகமாயிற்று. இத்தகைய செயலிக்கு, பாதி எழுதிய ஒரு கடிதமும் அதன் கீழே விசைகளும் ஒரே படத்தில் தெரிந்தாற் போதும். விசைகளில் உரோம எழுத்தைக் கண்டவர் அஞ்சல் முறையென்றும், தமிழெழுத்தின் வரிசையைக் கண்டவர் தமிழ்99 என்றும் நொடியில் அறிவர். இலங்கையின் நியமமான ரெங்கநாதன் விசைப்பலகையிற் பழகிய எழுதுவினைஞர் தம் வரிசை அங்கு உண்டா என்றே முதலிற் பார்ப்பார். பத்து வரி விளக்கம் செய்யாததை அந்த விசைவரிசை செய்துவிடும்.

பஞ்சாங்கச் செயலியில் இக்காரியம் இன்னும் பொறுப்பு வாய்ந்ததாகின்றது. ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் கீரிமலைக்குத் திரண்டு வந்து நீராடிப் பிதிர்க்கடன் செய்கின்றனர். கடல் கடந்து வாழும் பிள்ளைகளோ அந்நாளைக் கைப்பேசியிலே தேடுகின்றனர். அமாவாசை தொடங்கும் கணம் உலகெங்கும் ஒன்றே, கடிகாரங்கள் வேறு. கீரிமலையிற் புதன் காலை ஆறு மணிக்கு அது தொடங்குமாயின், ஆடி மாதத்து ரொறன்ரோவில் அப்பொழுது செவ்வாய் இரவு எட்டரை மணி. இலண்டனிலோ புதன் அதிகாலை ஒன்றரை மணி. எல்லா அமாவாசையும் காலை ஆறு மணிக்கே தொடங்குவதில்லை. சில வேளைகளில் இவ்வூருக்குரிய நாள் அவ்வூருக்குப் பொருந்தாது போகும். போதாக்குறைக்கு நம்மிடையே வாக்கியம் என்றும் திருக்கணிதம் என்றும் இரு பஞ்சாங்கங்கள் வழங்குகின்றன. ஒரு தெருவிலேயே ஒரு வீடு ஒன்றையும் அடுத்த வீடு மற்றையதையும் கைக்கொள்ளும்.

இச்செயலியின் முதற் படத்தில் குத்துவிளக்கும் பிள்ளையாரும் மட்டும் இருந்தால் பார்ப்பவர் கைகூப்புவார். ஆனால் அது எவ்வூர்க் கணக்கு, எந்தப் பஞ்சாங்கம் என்பதை அறியமாட்டார். நம்பி இறக்கிக்கொள்வார். தந்தையின் திதி ஆண்டுக்கு ஒருமுறையே வரும். நாள் தவறியபின் செயலியை நீக்கி என்ன பயன்? ஆகவே முதற் படத்தில் இன்றைய பக்கம் அப்படியே வரட்டும். அதன் தலையில் ‘யாழ்ப்பாணம், வாக்கியம்’ என்பது தெளிவாய்த் தெரியட்டும். இரண்டாவது படத்தில் ஊரை ரொறன்ரோ என்று மாற்றும் இடமும், மாற்றியதும் நேரங்கள் மாறுவதும் தெரியட்டும். ஊரை மாற்றும் வசதி செயலியில் இல்லையெனின், ‘இலங்கை நேரத்துக்கு மட்டும்’ என்று படத்திலேயே எழுதிவிடுவது நேர்மை. இறக்குவோர் தொகை சிறிது குறையலாம், குறையட்டும்.

படத்தின் மேல் எழுதும் தலைப்பு மூன்று சொல்லுக்குள் அடங்குதல் நன்று. ‘இன்றைய திதி’ என்பது போதும். ‘காலத்தை வென்ற கணிதக் களஞ்சியம்’ வேண்டியதில்லை. அடைமொழிகளில் மாணவருக்குள்ள பற்றை நாம் விடைத்தாள்களிலும் கண்டிருக்கின்றோம். தமிழ்ச் சொற்கள் நீண்டவை; ஆங்கிலச் சொல்லுக்கென அளந்த கட்டத்தில் அவற்றைத் திணித்தால் எழுத்து கடுகாகச் சிறுத்துவிடும். இன்னோர் இடர், எழுத்துச் சிதைவு. ‘கெ’ என்று நாம் காண்பதிலே கொம்பு முன்னே நிற்கின்றது. ஒருங்குறி முறையிலோ ககரம் முதலிலும் கொம்புக்குறி பின்னும் பதியப்படும். அதனை முன்னே கொணர்ந்து காட்டுவது மென்பொருளின் கடமை. இது தெரியாத படமாக்கும் மென்பொருள்களில் கொம்பு எழுத்தை விட்டு விலகித் தனியே நிற்கும். தமிழ்ச் செயலி என்று பெயர் சூட்டி, முதற் படத்திலேயே முறிந்த தமிழைக் காட்டினால் வாங்குபவர் என்ன நினைப்பார்? கூகிள் அங்காடியில் தமிழ்ப் பக்கத்துக்கெனத் தனிப் படங்களை வைக்கவும் வழியுண்டு. அதனைப் பயன்படுத்துவோர் சிலரே என்று எண்ணுகின்றோம்.

படத்தைச் சோதிக்க எளிய வழி வீட்டிலேயே இருக்கின்றது. மலிவான சிறிய கைப்பேசியில் அதனைத் திறந்து பாட்டியிடம் ஐந்து நொடி காட்டி, வாங்கிவிட்டு, “இது என்ன செய்யும், ஆச்சி?” என்று கேட்டுப் பாருங்கள். பார்ப்போரிற் பாதிப்பேருக்கு ஒரு படத்தையும் மறுபாதிக்கு இன்னொன்றையும் காட்டி ஒப்பிடும் வசதியைக் கூகிளும் தருகின்றது; அது ஆச்சியிடம் தேறியபின் செய்யவேண்டியது.

இன்னுமொன்று. திதிகளைக் குறித்துவைக்கும் பக்கத்தைப் படம் பிடிக்கும்போது, சிலர் தம் சொந்தக் கைப்பேசியில் உள்ளதையே அப்படியே பிடித்து வைத்துவிடுகின்றனர். இறந்த உறவினரின் பெயரும் நாளும் உலகத்தின் கடைத்தெருவிலே தொங்குகின்றன. அவ்விடத்தில் ‘அப்பா’, ‘அம்மம்மா’ என்று மட்டும் நிரப்பிக்கொள்ளலாம்.