எளிமை யாருக்கு வாய்க்கிறது?

2012 பிப்ரவரி 26. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் சான்ஃபோர்டு என்ற ஊர். கடையில் மிட்டாயும் குளிர்பானமும் வாங்கிக்கொண்டு தூறலில் நடந்து திரும்பிய டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் குடியிருப்பைக் கண்காணித்துவந்த தன்னார்வலர். சிறுவனிடம் ஆயுதம் ஏதும் இல்லை. தலையை மூடும் ஹூடி ஒன்றை அணிந்திருந்தான். சுட்டவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு அந்த ஹூடிக்கும் உண்டு என்று ஒரு தொலைக்காட்சிப் பிரபலம் அடுத்த மாதமே நேரலையில் சொன்னார். எதிர்ப்பு கிளம்பிய பிறகு மன்னிப்புக் கேட்டார்.

அதே ஆண்டு மே மாதம் மார்க் ஸக்கர்பெர்க் பங்குச் சந்தைக்கு வரவிருந்த ஃபேஸ்புக்குக்காக நியூயார்க்கில் முதலீட்டாளர்களைச் சந்தித்தார். அவரும் ஹூடிதான் அணிந்திருந்தார். முதிர்ச்சியின்மை என்று ஒரு பங்குச் சந்தை ஆய்வாளர் குறைபட்டுக்கொண்டார். அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. சில நாட்களில் 10,000 கோடி டாலருக்கும் அதிகமான மதிப்பில் அந்த நிறுவனம் சந்தையில் நுழைந்தது.

எளிய உடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இந்த இரண்டு ஹூடிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஒன்று அணிந்தவனைச் சந்தேகத்துக்கு உரியவனாக்கியது. இன்னொன்று அணிந்தவரின் செல்வாக்கைக் கூட்டியது. சாதாரண உடை எல்லார் உடம்பிலும் சாதாரணமாக இருப்பதில்லை.

இந்தப் பேச்சு இன்று அவசியமாகிறது. பத்தாண்டுகளுக்கு மேலாக எளிமை ஒரு பாணியாக விற்பனையாகிறது. அதற்கு 'நார்ம்கோர்' என்ற பெயரும் நிலைத்துவிட்டது. நியூயார்க்கைச் சேர்ந்த கே-ஹோல் என்ற இளைஞர் குழு, பிரேசிலின் பாக்ஸ் 1824 நிறுவனத்துடன் சேர்ந்து 2013 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெயர் பரவியது அதிலிருந்துதான். அந்த அறிக்கையின் மையம் உடை அல்ல. தனித்துத் தெரிய வேண்டும் என்று எல்லாரும் முயன்று முயன்று, தனித்துவமே ஒரு சுமையாகிவிட்டது என்று அது வாதிட்டது. பிறரிடமிருந்து விலகி நிற்பதில் இல்லை சுதந்திரம். எவரோடும் போய்ச் சேர்ந்துகொள்ள முடிவதில்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். நல்ல சிந்தனை. நுகர்வுப் பண்பாட்டுக்கு உள்ளேயிருந்தே எழுந்த ஓர் உண்மையான சலிப்பு அதில் இருந்தது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் இதழ் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. நியூயார்க்கின் சோஹோ தெருக்களில் நடப்பவர் கலை உலகைச் சேர்ந்த இளைஞரா, ஊர் சுற்றிப் பார்க்க வந்த நடுத்தர வயதுக்காரரா என்று தெரியாத அளவுக்கு உடைகள் ஒன்றாகிவிட்டதை அது கவனப்படுத்தியது. அத்தோடு சிந்தனை ஒதுங்கிக்கொண்டது. பட்டியல் முன்னுக்கு வந்தது. எழுத்தில்லாத டி-சர்ட், வெளிறிய ஜீன்ஸ், வெள்ளைக் காலுறை, சாம்பல் நிற நியூ பேலன்ஸ் ஷூ. அந்த ஆண்டின் சொல்லுக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இறுதிப் பட்டியல் வரைக்கும் நார்ம்கோர் போனது. எவரோடும் கலந்துவிடலாம் என்று சொன்ன ஒரு மனப்பாங்கு, யார் சரியாகக் கலக்கிறார்கள் என்று மதிப்பெண் போடும் போட்டியானது.

2014இன் பிற்பகுதியில் கேப் நிறுவனம் 'சாதாரணமாக உடுத்துங்கள்' என்ற முழக்கத்தோடு பெரிய விளம்பரம் செய்தது. திரைப்பட இயக்குநர் டேவிட் ஃபின்ச்சர் கறுப்பு வெள்ளையில் படங்கள் எடுத்துக் கொடுத்தார். 1969 முதல் சாதாரண உடைகளையே விற்றுவந்த நிறுவனம் அது. அலை அதற்குச் சாதகமாகத்தான் வீசியிருக்க வேண்டும். விளம்பரம் எடுபடவில்லை. மறு ஆண்டு வட அமெரிக்காவில் 175 கடைகளை மூடப்போவதாக அது அறிவித்தது. மூடியதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். விளம்பரம் ஏன் தோற்றது என்பதற்கான விடை இந்தப் பாணியின் அடிப்படையிலேயே இருக்கிறது. சாதாரண மக்களுக்குச் சாதாரண உடை ஒரு செய்தி அல்ல. அவர்கள் அதைத் தினமும் உடுத்துகிறார்கள். வேறு எதையும் வாங்கி அணியக்கூடியவர் இதை அணிகிறார் என்று பார்ப்பவருக்குத் தெரிந்தால்தான் எளிமை பாணியாகிறது. அது தெரிய வேண்டுமானால் நல்ல முடிவெட்டு வேண்டும், தெரிந்த முகவரி வேண்டும், பல சமயம் தோலின் நிறமும் வேண்டும். துணி சொல்லாததை இவை சொல்லிவிடுகின்றன.

இல்லாதவர்களின் உடை இருப்பவர்களின் அலமாரிக்குப் போவது புதிதல்ல. முதல் உலகப் போர்க் காலத்தில் ஆண்களின் உள்ளாடைக்குப் பயன்பட்டுவந்த ஜெர்சித் துணியில் கோக்கோ ஷானெல் பணக்காரப் பெண்களுக்கு ஆடை தைத்தார். ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸின் கழுத்தை மூடும் கறுப்புச் சட்டைக்கு ஒரு தொழிற்சாலைக் கதை உண்டு. வால்டர் ஐசக்சன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அதை ஜாப்ஸே சொல்கிறார். ஜப்பானில் சோனி தொழிலாளர்கள் சீருடையில் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டிருக்கிறார். போருக்குப் பிறகு யாரிடமும் உடுத்த எதுவும் இல்லை. வேலைக்கு வருகிறவர்களுக்கு நிறுவனமே ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது என்று சோனியின் தலைவர் அகியோ மொரீடா பதில் சொல்லியிருக்கிறார். அந்தச் சீருடையை வடிவமைத்த இஸ்ஸே மியாக்கேயிடம்தான் ஜாப்ஸ் தனக்கும் சட்டை கேட்டார். ஏறத்தாழ நூறு சட்டைகள் வந்து சேர்ந்தன. மாற்றுத்துணி இல்லாத தொழிலாளியின் நிலைமை, ஒரு தலைமுறைக்குள் உலகப் பெரும் செல்வந்தர் ஒருவரின் அடையாளமாக மாறியது.

2023இல் இந்தப் போக்கு அமைதியான ஆடம்பரம் என்ற பெயரில் திரும்பி வந்தது. 'சக்சஷன்' தொடரின் கோடீஸ்வரர்கள் அணியும் முத்திரையற்ற தொப்பி பேசுபொருளானது. லோரோ பியானா நிறுவனத்தின் அத்தகைய தொப்பி ஒன்றுக்குப் பல நூறு டாலர் விலை. செல்வத்தை ஊரறியக் காட்டிக்கொள்ளவே ஆடம்பரச் செலவு என்று பொருளியலாளர் தார்ஸ்டீன் வெப்ளென் 1899இல் எழுதினார். இன்றைய எளிமை அந்தக் காட்டிக்கொள்ளுதலைக் கைவிடவில்லை. தெரிந்தவர்களுக்கு மட்டும் காட்டுகிறது. வெளியே இருப்பவருக்குக் கதவு எங்கே என்றுகூடத் தெரிவதில்லை. பளபளப்பான ஆடம்பரத்தைவிட இது கூடுதலாக விலக்கிவைக்கிறது என்றே நாங்கள் கருதுகிறோம்.

இந்தச் சங்கிலியில் திருப்பூருக்கும் இடம் உண்டு. உலகச் சந்தைக்கான வெற்று டி-சர்ட்டுகள் தைக்கப்படும் ஊர்களில் அதுவும் ஒன்று. படமோ எழுத்தோ அச்சிட்ட சட்டையில் சிறு பழுது மறைந்துவிடும். வெற்றுச் சட்டையில் மறையாது. ஊசிக்கோடு விழுந்தாலும், எண்ணெய்ப் பொட்டு பட்டாலும், கழுத்து ரிப் ஒரு நூல் இழுத்தாலும் செக்கிங் மேசையில் பீஸ் ஒதுங்கிவிடும். ஓவர்லாக் இயந்திரத்தில் ஒருவர் தோள் சேர்க்கிறார், பேட்லாக்கில் ஒருவர் கீழ் மடிப்பு அடிக்கிறார், பக்கத்தில் நின்று ஒரு பெண் கைமடிக்கிறார். பார்ப்பவர் கண்ணில் எதுவும் உறுத்தாத அந்தச் சட்டைக்குப் பின்னால் இத்தனை கண்கள் உழைத்திருக்கின்றன. எளிமையைப் போற்றும் இதழ்கள் அதை அணிகிறவரின் மனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. தைத்தவரின் பீஸ் ரேட்டைப் பற்றி எழுதுவதில்லை.

நார்ம்கோர் உலகெங்கும் பேசப்பட்ட 2014இல் நம் ஊரில் நடந்ததையும் நினைவுகூர வேண்டும். ஜூலையில், சென்னை சேப்பாக்கத்தில் ஒரு மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டி கட்டிச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமனை வாசலிலேயே தடுத்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டியைக் காரணம் காட்டி அனுமதி மறுத்தால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் தடுக்கப்பட்டவர் நீதிபதியாக இருந்ததால் அந்தக் குரல் கோட்டைக்கு எட்டியது. கைலியும் ரப்பர் செருப்புமாக வங்கிக்கும் மருத்துவமனைக்கும் பெரிய கடைக்கும் போகிறவர் அன்றாடம் படும் முகச்சுளிப்புக்கு எந்தச் சட்டமும் இல்லை. அவர் உடுத்தியிருப்பதும் எளிய உடைதான். அதை யாரும் பாணி என்று சொல்வதில்லை.

சாதி, உடையை ஆணையிட்டுப் பறித்த நாடு இது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, தோளில் துண்டு இருக்கக் கூடாது என்று விதிக்கப்பட்டவர்களின் பிள்ளைகளிடம் போய் எளிமையை உபதேசிக்க யாருக்கும் அருகதை இல்லை. காந்தி 1921இல் மதுரையில் மேலாடையைத் துறந்தார். துறப்பதற்கு அவரிடம் இருந்தது. அம்பேத்கர் கோட்டு சூட்டில் நின்றார். அது மறுக்கப்பட்டதைக் கேட்டு வாங்கிய உடை. இரண்டும் அரசியல்தான். இரண்டாவதைப் பகட்டு என்று பார்க்கிற கண்ணில்தான் கோளாறு இருக்கிறது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவரை, கதர் ஜிப்பாவும் ஜோல்னாப் பையுமாகத் திரியும் இலக்கியக் கூட்டம் மேலும் கீழும் பார்க்குமானால், அந்தக் கோளாறு நம்மிடமும் இருக்கிறது.

எளிமையாக உடுத்துவது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. குறைவாக வாங்கி, நீண்ட நாள் உடுத்தி, கிழிந்தால் தைத்துப் போட்டுக்கொள்வது பூமிக்கும் நல்லது, தைப்பவருக்கு நியாயமான கூலி கிடைத்தால் அவருக்கும் நல்லது. ஆனால் உடையை மாற்றிக்கொள்வதால் மட்டும் எவரும் எளியவரோடு சேர்ந்துவிட முடியாது. எவரோடும் சேர்ந்துகொள்ளும் சுதந்திரம் என்று அந்த 2013 அறிக்கை கனவு கண்டது உண்மையாக வேண்டுமானால், மாற வேண்டியது உடுத்துகிறவரின் சட்டையல்ல, பார்க்கிறவரின் கண்.

ஆகவே வாசகர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். உங்கள் அலுவலகத்தில், வகுப்பறையில், கூட்ட அரங்கில், வீட்டு வாசலில் வந்து நிற்பவர் எதை உடுத்தியிருந்தாலும், பளபளப்பானாலும் கசங்கியதானாலும், ஒரே குரலில் பேசுங்கள், ஒரே நாற்காலியைக் காட்டுங்கள். அது எல்லா வாசல்களிலும் நடக்கும் வரை, எளிமை வசதியுள்ளவர்களின் உடைகளில் இன்னொன்றாகவே இருக்கும்.