வரதர் போகும் வழி

ஸ்பெயினில் சாந்தியாகோவுக்குப் போகும் பாதயாத்திரைப் பாதை ஏறக்குறைய 800 கிலோமீட்டர். வழியிலுள்ள குக்கிராமங்கள் பலவும் நடந்து வருகிறவர்களை நம்பியே பிழைக்கின்றன. நமக்கு அப்படியொன்று இல்லையே என்று ஏங்குகிறவர்கள் காஞ்சிபுரம் வரட்டும். இங்கே வருஷாவருஷம் பெருமாளே வழி காட்டுகிறார்.

பொங்கலை ஒட்டிய பார்வேட்டை உற்சவத்துக்கு வரதராஜப் பெருமாள் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து புறப்படுகிறார். முத்தியால்பேட்டை, வாலாஜாபாத் என்று ஊருக்கு ஊர் மண்டகப்படி. இருபது கிலோமீட்டருக்கு மேல் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்துபோய், பழைய சீவரம் மலைமேல் ஏளப்பண்ணுகிறார்கள். பிறகு அவ்வூர் லட்சுமி நரசிம்மரோடு பாலாற்றைத் தாண்டித் திருமுக்கூடல்.

கூட்டமில்லாத ஒரு நாளில் அதே வழியில் நடந்தேன். முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டு ஜன்னலில் குழித்தறி தெரிந்தது. நெய்கிறவர் புடவையின் உடலுக்கு நாடா வீச, பக்கத்திலிருந்த பெண் கரைக்கு வேறு நாடா தள்ளினாள், கோர்வைப் புடவை. வாலாஜாபாத் தாண்டினால் கல்குவாரி லாரிகளின் ராஜ்யம். ஒதுங்க இடமில்லை, முள்செடிக்குள்தான் கால் வைக்க வேண்டும்.

திருமுக்கூடலில் திண்ணையிலிருந்த பாட்டி என் செருப்புப் புழுதியைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, பஸ் வரலியா?" என்றார்.

"நடந்தே வந்தேன் பாட்டி."

"வேண்டுதலா?"

"இல்ல, சும்மாதான்."

சொம்பில் தண்ணீர் கொடுத்தார். பதிலை மட்டும் நம்பவில்லை.

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இந்தச் சிற்றூரின் வெங்கடேசப் பெருமாள் கோயிலில், பதினோராம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு இருக்கிறது. கோயிலில் படித்த மாணவர்களுக்கும் பணியாளர்களுக்குமாக 15 படுக்கையோடு நடந்த ஆதுலசாலையின் கணக்கு அது. வைத்தியர் ஒருவர், அறுவை வைத்தியம் செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், பணிவிடைக்குப் பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். நோயாளிகள் இருட்டில் தவிக்கக் கூடாதென்று இரவெல்லாம் எரிய ஒரு விளக்குக்குக்கூட ஏற்பாடு.

இவ்வழிக்குப் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். லாரிக்கு ஒதுங்கிப்போகச் சாலையோரம் ஒரு மண்பாதை, இடையிடையே நாலு புளியமரம், ஊருக்கொரு தண்ணீர்க் குழாய் போதும். ராத்திரி விளக்குக்கு எண்ணெய்வரை யோசித்த ஊர் இது. இதற்கும் ஒரு சோழன் வந்து கல்வெட்டு வெட்ட வேண்டுமா?