பதிவேட்டில் அடித்த பெயர்

போன வாரம் கண்டாச்சிபுரம் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தினசரியை மடித்து வைத்துவிட்டு, “இந்தக் காலத்துப் பொண்ணுங்களே சரியில்ல சார்” என்றார். என்ன செய்தி என்று வாங்கிப் பார்த்தேன். வேலை வாங்கித் தருவதாக ஒரு சிறுமியை அழைத்துப் போய், ஒரு வீட்டில் அடைத்து வைத்து, பணத்துக்காகப் பலரிடம் அனுப்பியிருக்கிறார்கள். கைதானவர்கள் எல்லோரும் பேரன் பேத்தி எடுக்கிற வயதை நெருங்கியவர்கள். ஆனால் நம் ஆளுக்குச் சரியில்லாமல் போனது அந்தச் சிறுமிதான்.

அங்கே நான் ஒன்றும் பேசவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு உறுத்தியது. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் வந்தது எனக்கு இது முதல் தடவை அல்ல. அந்த முதல் தடவையைப் பற்றி இந்தப் பதிவுகளில் இதுவரை எழுதியதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் நடந்தது. நான் இந்தப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியர். எட்டாம் வகுப்பில் ஒரு பெண். கணக்கில் கெட்டிக்காரி. பொங்கல் முடிந்ததும் அம்மாவும் அப்பாவும் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடுவார்கள், மழை வந்தால்தான் திரும்புவார்கள். பெண் பாட்டியோடு இருந்தாள். மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை முதல் அவள் வரவில்லை. அவள் தெருப் பையனைக் கேட்டேன். “டவுனுக்கு வேலைக்குப் போயிருக்குது சார், சொந்தக்கார அக்கா இட்டுக்கினு போச்சி” என்றான். எந்த டவுன், எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. சில வாரம் பார்த்துவிட்டு, பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். அந்த வருஷம் அப்படி அடித்த பெயர்களில் அதுவும் ஒன்று.

இரண்டு வருஷம் கழித்து அவளைப் பாட்டி பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்தார். எங்கேயோ ஓர் ஊரில் போலீஸ் சோதனையில் மீட்டு, ஒரு இல்லத்தில் சில மாதம் வைத்திருந்து, வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதற்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. “திரும்பப் படிக்கணும்னு சொல்லுது சாமி” என்றார் பாட்டி. அலுவலக அறைக்குள் பேச்சு நடந்தது. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். “மத்த புள்ளைங்களும் கெட்டுடும்” என்றார் ஒருவர். வயது கடந்துவிட்டது, மாற்றுச் சான்றிதழ் இல்லை என்றார் இன்னொருவர். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பாட்டி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். சில மாதத்தில் எங்கேயோ தூரத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அவளை மீட்டது அரசாங்கம். மீட்ட பிறகு கைவிட்டது நாங்கள். இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

அன்றைக்கும் சட்டம் இருந்தது. விபசாரத்துக்காக ஆள் கடத்துவதற்கு எதிரான சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. இன்றைக்கு நிலைமை இன்னும் எவ்வளவோ மேல். 2012 நவம்பர் 14 முதல் போக்சோ சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ள யாரும் குழந்தைதான். “அவளே சம்மதிச்சித்தான் போனா” என்ற வாதம் அங்கே எடுபடாது. 2015-இன் இளைஞர் நீதிச் சட்டம் இப்படி மீட்கப்படும் சிறுமியைக் குற்றவாளி என்று சொல்வதில்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்கிறது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள் கொண்ட அந்தக் குழு மாதத்தில் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். வாக்குமூலம் வாங்கும் போலீஸ்காரர் சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தை எங்கே இருந்து பேச விரும்புகிறதோ அங்கேயே போய் எழுத வேண்டும். பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும்.

ஆனால் சட்டம் இருந்தும் இது நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 1993 வரை விழுப்புரமும் கடலூரும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். அந்தக் கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடியில் 2014-இல் இரண்டு பள்ளி மாணவிகள் பாலியல் தொழில் கும்பலிடம் சிக்கிய வழக்கைப் பலர் மறந்திருப்பீர்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 2019 ஜனவரியில் கடலூர் மகளிர் நீதிமன்றம் 16 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களில் பெண்களும் உண்டு, மதபோதகர் ஒருவரும் உண்டு.

சென்னை வண்ணாரப்பேட்டை வழக்கு அதைவிடக் கொடுமை. 2020-இல் 13 வயதுச் சிறுமியை உறவினர்களே இந்தத் தொழிலில் தள்ளினார்கள். 2022 செப்டம்பரில் சென்னை போக்சோ நீதிமன்றம் 21 பேருக்குத் தண்டனை கொடுத்தது. எட்டு பேருக்கு ஆயுள், 13 பேருக்கு 20 ஆண்டு. அந்த 13 பேரில் காவல் ஆய்வாளர் ஒருவரும் இருந்தார்.

இரண்டு வழக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சென்னையில் இரண்டு வருஷத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. நம் பக்கத்தில் நான்கு வருஷத்துக்கு மேல் ஆனது. கூடுமானவரை ஒரு வருஷத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது போக்சோ சட்டம். எட்டாவது படிக்கிற பெண்ணுக்கு நான்கு வருஷம் என்பது பள்ளிப் படிப்பே முடிந்துபோகிற காலம். அத்தனை நாளும் அந்தக் குழந்தை எங்கே இருந்தது, யார் சோறு போட்டார்கள், பள்ளிக்குப் போனதா என்பது எந்தச் செய்தியிலும் வராது. வரவும் கூடாது, ஏனென்றால் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். ஆனால் யாராவது ஒருவர் அதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா?

அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். 2020-இன் போக்சோ விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு ஒரு ‘ஆதரவு நபரை’ நியமிக்கலாம். போலீஸ் நிலையம், ஆஸ்பத்திரி, நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் அவர் குழந்தையோடு போவார். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று குடும்பத்துக்குச் சொல்வார். சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற உடனடிச் செலவுக்கு உதவித்தொகை தரக் குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை வந்த ஒரு வாரத்துக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். தீர்ப்புக்குக் காத்திராமல் இடைக்கால இழப்பீடு கொடுக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், குழந்தையை இல்லத்தில் வைக்காமல் குடும்பத்தோடு வைத்துப் படிக்கவைக்க மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கிறது. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும்.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? இவை எல்லாமே விழுப்புரத்தில் இருக்கின்றன, குழந்தை ஊரில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. சூளையில் இருக்கிற அப்பனுக்கும் காது கேட்காத பாட்டிக்கும் எந்த அலுவலகத்தில் எந்த மேசை என்று யார் சொல்வார்கள்? ஆகவே இந்தத் திட்டங்களின் உயிர் மாவட்டத் தலைநகரில் இல்லை, கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஊராட்சித் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர், அங்கன்வாடிப் பணியாளர் எல்லாம் இருக்கிற குழு அது. காகிதத்தில் இருப்பதும் கையெழுத்துக்காகக் கூடுவதும் போதாது. அது செய்ய வேண்டிய வேலை மூன்று என்று நினைக்கிறேன்.

முதலாவது, வராத பிள்ளையைத் தேடுவது. ஒரு பெண் பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கு வருவது நின்றால், அதுதான் முதல் மணியோசை. எங்கே போனாள், யார் அழைத்துப் போனார்கள், விலாசம் என்ன என்று ஒரு வாரத்துக்குள் வீட்டில் போய்க் கேட்க வேண்டும். விலாசம் சொல்ல முடியாவிட்டால் அன்றைக்கே 1098-க்குப் போன் செய்ய வேண்டும். 1996-இல் மும்பையில் தொடங்கிய உதவி எண் அது. 2023 முதல் அரசின் பொறுப்பிலேயே நடக்கிறது. யார் பேசினாலும் எடுப்பார்கள், காசு இல்லை. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஒரு குழந்தைக்கு இப்படி நடக்கிறது என்று தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டத்தில் குற்றம். ஆசிரியருக்கு மட்டும் என்று இல்லை, எல்லோருக்கும்தான்.

இரண்டாவது, திரும்பி வந்த பிள்ளைக்கு வகுப்பறையில் இடம். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்துவிட்டது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை இடையில் நின்றிருந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், சிறப்புப் பயிற்சி தர வேண்டும். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. அன்றைக்கு எங்கள் அலுவலக அறையில் சொன்ன சாக்கு இன்றைக்குச் சட்டப்படி செல்லாது. 14 தாண்டியவர்களுக்குத்தான் இன்னும் ஓட்டை இருக்கிறது. மீட்கப்படும் பெண்களில் பலர் அந்த வயதில் இருப்பவர்கள். அவர்களைப் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்காவது தயார் செய்ய ஒன்றியத்துக்கு ஒரு ஆசிரியர் பொறுப்பாக இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற எங்களைக் கூப்பிட்டாலே வருவோம்.

மூன்றாவது, ஊர் வாயை அடக்குவது. இது திட்டத்தில் எழுத முடியாத வேலை, ஆனால் இதுதான் பெரிய வேலை. “இல்லத்திலேயே வைத்திருந்தால் பாதுகாப்புதானே, ஊருக்கு ஏன் கொண்டுவர வேண்டும்?” என்று நல்ல மனசுக்காரர்களே கேட்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வண்ணாரப்பேட்டையைப் போல வீட்டாரே விற்றிருந்தால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, இல்லம்தான் சரி. ஆனால் பாசமுள்ள பாட்டி இருக்கிற பிள்ளையை ஊர்ப் பேச்சுக்குப் பயந்து இல்லத்தில் வைப்பது, செய்யாத குற்றத்துக்குச் சிறை வைப்பது போலத்தான். பேசுகிறவன் ஊரில் இருக்கிறான், பேசப்படுகிறவள் ஊரை விட்டுப் போகிறாள்.

இது நூறு வருஷத்துக் கதை. தேவதாசிக் குடும்பத்துப் பெண்களை எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுதான் ஔவை இல்லமாக வளர்ந்தது. அந்தச் சமூகத்திலிருந்தே வந்து அந்த முறையை எதிர்த்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவர்களின் போராட்டத்தால் 1947-இல் சட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் அவர் பெயரில்தான் தொடங்கியது. நம் ஊர்ப் பெண்கள் பலர் அதை வாங்குகிறார்கள். மனசு நிறைகிறது. ஆனால் எட்டாம் வகுப்பில் பெயர் அடிபட்ட பெண்ணுக்கு அந்த ஆயிரம் ரூபாய் வருவதற்கு வழியே இல்லை. யாராவது அவளை மறுபடி பெஞ்சில் உட்கார வைத்தால்தான் உண்டு.

அந்தப் பெண் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பாள். எங்கேயாவது நன்றாக இருக்கட்டும். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

நாளைக்குக் காலையில் அதே டீக்கடைக்குப் போகப் போகிறேன். அந்த நண்பர் வருவார். சரியில்லாதது யார் என்று இந்தத் தடவை சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.